நடந்தது போதாதா?

செனாவாங்கில், தாமான் ஒன்றின் அடுக்குமாடியில், கீழ்த்தளத்து வீட்டில் வாழும் ஒரு மூதாட்டியை வாசகர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவர் இன்னார் என்று சுட்டத்தக்க ஒருவர் அல்லர். சிரம்பான் வட்டாரத்தில் அவரைப் போன்றோர் எத்தனையோ பேர். பதினான்கு வயதில் தாயின் பின்னே பால்வெட்டுக்குப் போனவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தமக்கு விடப்பட்ட நிரையிலே நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றிச் சுற்றி, குனிந்தும் நிமிர்ந்தும் கோடு இழுத்து, பின்பு அதே மரங்களுக்குத் திரும்பிவந்து மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, மேடும் பள்ளமும் கடந்து பால் நிறுக்கும் இடத்துக்குச் சுமந்தவர். பிள்ளை பெற்ற மாதங்கள் நீங்கலாக நாற்பது ஆண்டுகள் இதுவே வாழ்வு. தோட்டம் கைமாறிற்று, லயம் இடிந்தது, மரம் நின்ற இடத்தில் வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. மகன் அத்தொழிற்சாலைகளுள் ஒன்றில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கிறான். தாய் இப்பொழுது வீட்டு முன்னறையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன; இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் உண்டு.

கிளினிக் டாக்டர் கடிதம் எழுதி அவரைப் பிசியோதெரபிக்கு அனுப்புகிறார். அங்கே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், காலைத் தொட்டுப் பார்த்து, மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்து, அன்பாகவே பேசுகிறாள்: "பாட்டி, உட்கார்ந்தே இருக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்."

பாட்டி சிரிக்கிறார். "நாற்பது வருஷம் நடந்தது போதாதா, கண்ணு?"

இந்தக் கேள்விக்கு விடை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேள்வி எளிதாகத் தோன்றினும் விடை எளிதன்று.

படித்தவர்களுள் ஒரு சாரார் உடனே சொல்லிவிடுவர்: "இது அறியாமை, சோம்பல், நம் ஜனங்களுக்கு எத்தனை எடுத்துரைத்தும் ஏறாது." மற்றொரு சாரார் இரக்கத்தோடு சொல்லுவர்: "ஐயோ, அந்த அம்மாள் உழைத்து ஓய்ந்தவர், அவரை விட்டுவிடுங்கள், இருக்கிற காலம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கட்டும்." முதற் சாரார் அந்த மூதாட்டியைச் சோம்பேறி என்பது பொய். நாற்பது ஆண்டு விடியுமுன் எழுந்தவரை அச்சொல்லால் அழைக்க இவ்வுலகில் எவருக்கும் யோக்கியதை இல்லை. இரண்டாஞ் சாராரின் இரக்கமோ, பார்வைக்கு அழகியதாயினும், அவரை விரைவிலே படுக்கையில் சேர்த்துவிடும். ஆகவே இருவரையும் ஒதுக்கிவிட்டு, கேள்வியைக் கேட்டவரிடமே திரும்பிச் சென்று, அவர் என்ன சொல்லுகிறார் என்று செவிகொடுத்துக் கேட்போம்.

"எழு, நட" என்னும் கட்டளையை அவர் முதன் முதலாக ஆஸ்பத்திரியில் கேட்டவர் அல்லர். அவருக்கும் அவர் தாய்க்கும் பாட்டிக்கும் அதைச் சொன்னவர்கள் வேறு. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவதும் 1938இல் இந்திய அரசின் தடையோடு ஓய்ந்தது. ஆனால் தோட்டத்திலே உடல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அந்த ஆண்டுகளோடு தீர்ந்துவிடவில்லை. ஒருவன் நோயுற்றால் தோட்டத்து டிரஸர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இவன் இன்று வேலைக்கு ஆவானா, ஆகானா? ஆவான் என்றால் செக்ரோலில் பெயர் விழும். ஆகான் என்றால் அன்றைய கூலி இல்லை. "உனக்கு எப்படி இருக்கிறது, நீ எதைச் செய்ய விரும்புகிறாய்" என்று உடலின் உடையவரைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. அந்த நினைவு எலும்பில் ஊறிய ஒருவருக்கு, வெள்ளைச் சட்டை அணிந்த இன்னொருவர் வந்து "நட" என்றால், அது பழைய குரலாகவே காதில் விழும். ஓய்வு என்பது அவர் சங்கத்தோடும் முதுமையோடும் போராடிப் பெற்ற ஒரே சொத்து. அதைப் பறிக்க வருகிறார்கள் என்று அவர் ஐயுறுவதில் வியப்பு என்ன?

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; சிலருக்குக் கசக்கும். நம் சமூகத்தில் உட்கார்ந்திருத்தல் என்பது வெறும் ஓய்வு அன்று; அது ஓர் அந்தஸ்து. உழுதவனும் சுமந்தவனும் நடந்தவனும் கீழ். திண்ணையில் அமர்ந்து ஏவியவன் மேல். சாதி முறை நமக்குப் பல தீமைகளைச் செய்தது. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, அசையும் உடம்பை இழிவாகவும் அசையாத உடம்பைப் பெருமையாகவும் எண்ணக் கற்பித்தது. கப்பலேறி வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு இந்த எண்ணத்தையும் கொண்டுவந்தோம். ஆகவேதான் நம்மவரில் ஒருவர் சிறிது தலைநிமிர்ந்தவுடன் முதலில் விடுவது நடையை. கடைக்கு நூறடி போவதற்கும் மோட்டார் சைக்கிள். வீட்டில் வயதான தாய் எழுந்து ஒரு குவளை தண்ணீர் எடுக்கப் போனால், "அம்மா, நீங்கள் உட்காருங்கள்" என்று நான்கு பேர் ஓடிவருகிறார்கள். அன்பினால்தான் ஓடிவருகிறார்கள். அந்த அன்பு நாளொன்றுக்கு இருபது முறை அவர் எழ வேண்டிய இருபது வாய்ப்புகளையும் பறித்துவிடுகிறது.

இனி உடல் நூலார் கூறுவதைப் பார்ப்போம். நோய் என்றால் படுக்கை என்பதே நெடுங்காலம் மேனாட்டு வைத்தியத்தின் கொள்கையாகவும் இருந்தது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுக்கையில் கிடத்துவதன் ஆபத்துகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். படுத்தே கிடப்பவனின் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, ரத்தம் உறைகிறது, எலும்பு தேய்கிறது, மலம் கட்டுகிறது, கடைசியில் மனமும் சோர்கிறது என்று உறுப்பு உறுப்பாக எடுத்துக் காட்டினார். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் அவர் பக்கமே சாய்ந்தன.

முழங்காலையே எடுத்துக்கொள்வோம். "தேய்ந்துபோன மூட்டை மேலும் நடந்து தேய்ப்பதா?" என்று நம் பாட்டி மட்டுமல்ல, பலரும் கேட்கிறார்கள். வண்டிச் சக்கரத்தின் அச்சைப் போல மூட்டை எண்ணுவதால் வந்த பிழை இது. மூட்டின் முனையில் உள்ள குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் இல்லை. மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. அழுந்தியும் விடுபட்டும், பஞ்சு நீரை உறிஞ்சுவது போல, அசைவினாலேயே அந்நீர் உள்ளே போய் வருகிறது. தொடையின் தசை வலுத்தால் மூட்டின் மேல் விழும் சுமையையும் அது தாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருந்தால் வலிக்கும், வலிப்பதால் உட்கார்வோம், உட்கார்ந்ததால் தசை குன்றும், தசை குன்றியதால் முன்னிலும் வலிக்கும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும்.

வயது கடந்தபின் தசை வளருமா என்பாருக்கும் விடை உண்டு. 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளு தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். ஒன்பது பேர் முடித்தனர். அவர்களுடைய கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறு வயதில் கூடும் வலிமை எழுபதில் கூடாதா?

சரி, உழைப்பில் வந்த நடை போதாதா என்னும் கேள்வி இன்னும் நிற்கிறது. இங்கேதான் செய்தி சிக்கலாகிறது. 1953இல் ஜெரி மோரிஸ் என்பாரும் அவர் துணைவர்களும் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். கண்டக்டர் இரட்டை மாடிப் பஸ்ஸின் படிகளை நாளெல்லாம் ஏறி இறங்குபவர். ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே வகை மக்கள். இருந்தும் மாரடைப்பு நோய் கண்டக்டர்களிடம் குறைவாகவே இருந்தது. உடலசைவும் இதயமும் பற்றிய இன்றைய அறிவு பெரும்பாலும் அந்தப் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தது எனலாம். வேலையில் நடந்த நடையும் நடைதான், நன்மை செய்யும் என்றே அது காட்டிற்று.

ஆனால் 2018இல் பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு வேறொன்றைச் சொல்லிற்று. ஏறக்குறைய 1,94,000 பேரின் கணக்கு அது. கடுமையான உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு, இலேசான வேலை செய்வோரைவிட முன்கூட்டி இறக்கும் அபாயம் 18 விழுக்காடு மிகுதி என்று கண்டனர். ஓய்வு நேரத்தில் தன் விருப்பால் செய்யும் அசைவு ஆயுளைக் கூட்டுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்போ சில சமயம் குறைக்கிறது. வறுமையும் புகையும் மோசமான வீடும் இக்கணக்கில் கலந்திருக்கின்றன என்று சிலர் மறுக்கிறார்கள்; அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. எனினும் காரணம் கூறுவோர் சொல்லுவதைத் தோட்டத்தார் எவரும் தம் அநுபவத்தில் அறிவர். வேலையில் உடல் எப்பொழுது நிற்க வேண்டுமென்று கேட்கிறதோ அப்பொழுது நிற்க முடியாது. மணிக்கணக்கில் ஒரே வகையாய்க் குனிதல், சுமையினால் ஏறிய ரத்த அழுத்தம் இறங்க அவகாசமின்மை, மறுநாளும் அதுவே. கண்டக்டர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மூச்சு வாங்கினார். மரம் வெட்டுபவருக்கு அந்த நிறுத்தம் எங்கே? விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறுமுன் நிரை முடிய வேண்டும்.

ஆகவே மூதாட்டியின் கேள்வியில் பாதி மெய்யே. அவர் நடந்தார்; அந்த நடையின் பயனைத் தோட்டம் எடுத்துக்கொண்டது, அவருக்கு முழங்கால் வலி மிஞ்சிற்று. மறு பாதியில்தான் தவறு இருக்கிறது. உழைத்த கூலியில் ஒரு பகுதி சேமநிதியில் சேர்ந்து முதுமையில் கைக்கு வரும். உழைத்த நடை அவ்வாறு சேர்வதில்லை. முப்பது வயதில் நடந்ததை எழுபதில் எடுத்துச் செலவழிக்க முடியாது. மூன்று வாரம் படுத்தால் மூன்று வாரத்திலேயே போய்விடும் செல்வம் அது. இது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்பதே நம் விடை. ஆனால் உடம்புக்கு நியாய அநியாயம் தெரியாது.

இப்பொழுது அந்த இளம்பெண்ணைப் பற்றிப் பேசுவோம். பாட்டி வேண்டாம் என்று சொன்ன பிறகும் "நடங்கள்" என்று தூண்ட அவளுக்கு என்ன உரிமை?

அவள் தொழிலின் கதை இதற்குச் சிறிது வெளிச்சம் தரும். 1894இல் லண்டனில் நான்கு தாதியர் கூடி, உடல் பிடித்துவிடும் தொழிலை ஒழுங்கும் மதிப்பும் உள்ளதாக்க ஒரு சங்கம் அமைத்தனர். அன்று அந்தத் தொழிலின் பெரும்பகுதி நோயாளி கிடக்க, மற்றவர் தேய்ப்பது. நூறாண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சியில் அது தலைகீழாகத் திரும்பிவிட்டது. இன்று சிகிச்சையாளர் செய்வது குறைவு. நோயாளியைச் செய்விப்பது அதிகம். நம்மவருக்கு இதில்தான் ஏமாற்றம். எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள், சூடு வைப்பார்கள், மின்சாரக் கருவி பூட்டுவார்கள் என்று நம்பிப் போகிறோம். அவர்களோ நாற்காலியைக் காட்டி, "கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள்" என்கிறார்கள். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்புகிறோம். வைத்தியம் என்பது வெளியிலிருந்து நமக்குக் கொடுக்கப்படுவது என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. தாயத்தும் மந்திரித்த கயிறும் செழித்ததும் இந்த மண்ணில்தான். அவை நம்மை ஒன்றும் செய்யச் சொல்லுவதில்லை அல்லவா?

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயுற்றவனையே முதற் கூறாக வைத்தார். தீர்ப்பவனும் மருந்தும் துணையிருப்பவனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். நோயாளி வைத்தியத்தின் ஒரு பங்காளி என்றால், பங்காளியிடம் யோசனை சொல்லலாம், வாதாடலாம், மறுமுறையும் கேட்கலாம், ஏவக் கூடாது. சிகிச்சையாளரின் உரிமை இந்த அளவே என்பது நமது அபிப்பிராயம். அறிந்ததை மறைத்து, "சரி பாட்டி, உங்கள் விருப்பம்" என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிடுவது மரியாதை போல் தோன்றும் கைவிடல். "சொன்னால் கேட்கமாட்டீர்கள், பிறகு கால் போனால் என்னிடம் வராதீர்கள்" என்று அதட்டுவது பழைய தோட்டத்துக் குரல். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதற்கு நேரம் வேண்டும். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் ஆஸ்பத்திரியில் அந்த நேரம் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் மறந்துவிட்டு நாம் அப்பெண்ணைக் குறை சொல்லலாகாது.

தூண்டுவோர்க்கும் அளவு வேண்டும். அசைவு நன்று என்றால் எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று என்று எண்ணி, பக்கவாதம் வந்தவர்களை முதல் நாளிலேயே அடிக்கடி எழுப்பி நடத்திப் பார்த்தனர். 2,104 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆராய்ச்சியின் முடிவு 2015இல் வந்தது. மிக விரைவாகவும் மிகுதியாகவும் எழுப்பப்பட்டோர், வழக்கமான கவனிப்புப் பெற்றோரைவிட நன்றாகத் தேறவில்லை. சற்றுப் பின்தங்கவே செய்தனர். நல்ல கொள்கையும் ஆர்வத்தின் கையில் அளவு மீறும். "வலிக்கிறது, இன்று போதும்" என்று நோயாளி சொல்லும் சொல்லையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளும் சிகிச்சையாளரே சிறந்தவர்.

இனிப்புநீர் பற்றி அரசாங்கக் கணக்கு ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே மிகுதி. அதே ஆய்வில் நான்கில் ஒருவர் போதிய உடலசைவு இல்லாதவர். இதை மேடையில் வாசித்து நம் ஜனங்களை வைவது சுலபம். வைபவர் ஒரு நாள் மாலை செனாவாங் சாலையில் அந்த மூதாட்டியோடு நடந்து பார்க்கட்டும். நெடுஞ்சாலைக்குப் போகும் லாரிகள் பக்கத்தில் சீறுகின்றன, நடைபாதை ஓரிடத்தில் இருக்கிறது, அடுத்த இடத்தில் இல்லை, உள்ள இடத்தில் கார் நிற்கிறது, மூடியில்லாத கால்வாய், தெருநாய், நிழலுக்கு மரமில்லை. இத்தனை மரங்களை வெட்டிப் பால் எடுத்தவருக்கு நிழல் தர ஒன்று மிஞ்சவில்லை. நடக்கச் சொல்லும் சீட்டை எழுதுவோர் நகராண்மைக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும்.

ஆனாலும் பாதை செம்மையாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை என்று சொல்லுகிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த விதியை 2020இல் விட்டுவிட்டது. இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். முதியவர்களுக்குத் தசை வலிமைக்கும் விழாமல் நிற்பதற்குமான பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்றும் கூறுகிறது. சமையலறைத் திட்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க நடைபாதை தேவையில்லை.

எல்லாவற்றினும் பெரிய தடை வேறொன்று என்று நாம் கருதுகிறோம். அந்த மூதாட்டி தம் வாழ்நாளில் வெறுங்கையோடு நடந்ததே இல்லை. வாளி இருந்தது, வாளி இல்லாதபோது விறகு, விறகு இல்லாதபோது இடுப்பில் குழந்தை, பின்பு சந்தைப் பை, பேரனின் பள்ளிப் பை. நடை என்பது எதையாவது யாருக்காவது கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆண்கள் மாலையில் கடைத்தெருவுக்கு வெறுமனே போய்வருவார்கள், ஒருவரும் கேட்பதில்லை. ஒரு பெண்மணி ஒன்றும் ஏந்தாமல் தெருவில் நடந்தால், "என்ன, எங்கே புறப்பட்டீர்கள்?" என்று வாசலுக்கு வாசல் கேட்கிறார்கள். "சும்மா, எனக்காக" என்று சொல்ல நம் பெண்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லை. சொல்ல முடியாமல் அவர்கள் மூன்றாம் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். பெண் விடுதலை பற்றி இப்பத்திரிகை எவ்வளவோ எழுதியிருக்கிறது. ஒரு பெண் தன் உடம்புக்காகவே, காரணம் சொல்லாமல், அரைமணி நேரம் தெருவில் நடப்பதும் அதில் சேர்ந்ததே.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் இளம்பெண் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. "நீங்கள் நடக்க வேண்டும்" என்பதற்கு முன்னே, "பாட்டி, இந்தக் கால் சரியானால் எங்கே போக ஆசை?" என்று கேட்கட்டும். பாட்டி உடனே விடை சொல்லமாட்டார். அப்படி ஒரு கேள்வியை எவரும் அவரிடம் கேட்டதில்லை. பிறகு மெல்லச் சொல்லக்கூடும்: அதே நிரையில் பக்கத்து மரம் வெட்டிய தோழி ஒருத்தி அடுத்த பிளாட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறாள், லிப்டு இல்லை, அவளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, போனில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது மாடிக்கு எத்தனை படி என்று அந்தப் பெண் கேட்கிறாள். பாட்டிக்குத் தெரியவில்லை. எண்ணிவரச் சொல்லி பேரனிடம் சொல்லுகிறார்கள். பிறகு கைப்பிடி உள்ள ஒரு சிறு மரப்படியைச் சுவரோரமாக இழுத்துப்போட்டு, நல்ல காலை முதலில் வைத்து ஏறவும் நோகும் காலை முதலில் வைத்து இறங்கவும் அவள் காட்டிக்கொடுக்கிறாள். முதல் நாளைக்கு ஐந்து முறை.